டியூப்லைட் தலை குனியும் நேரம்

ஏப்ரல் 21, திங்கள்

காலையிலேயே சுடும் வெயில். தெற்குக் காற்று. உப்பளம் முழுக்க வெள்ளை, கண்ணைச் சுருக்கிக்கொண்டே வரப்பில் நடந்து இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிக்கு வந்தேன். அம்மா எனக்கு முன்பே பாத்தியில் இறங்கியிருந்தாள். தூரத்தில் சிவப்புச் சேலை மட்டும் அசைந்தது.

இந்த டைரி இறால் தீனிக் கம்பெனிக்காரர் எங்கள் முதலாளி பாய்க்குக் கொடுத்தது. பாய் என்னிடம் தள்ளிவிட்டார். அட்டையில் மீசை வைத்த பெரிய இறால். எங்கள் குஞ்சுகள் ஒரு நாள் இப்படி ஆகும் என்று நம்பவே முடியவில்லை.

கரண்ட் போனது: 10.40 முதல் 10.55 வரை. பிறகு 3.05, ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டு முறையும் ஜெனரேட்டர் போட்டது நான். (இது ரிஜிஸ்தரிலும் எழுதியாயிற்று. யூபிஎஸ் வாங்க இந்தக் கணக்கு வேண்டுமாம்.)

மூன்றாம் தொட்டியில் குஞ்சுகளுக்குப் பதினோராம் நாள். பீக்கரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் கண்கள் மட்டும் தெரிகின்றன. உடம்பெல்லாம் தண்ணீர் நிறம். ஒரு பீக்கருக்குள் எத்தனை கண்கள்! மனிதர்கள் பார்த்தால் எனக்குக் கழுத்து வேர்த்துவிடும். இவை பார்த்தால் வேர்ப்பதில்லை.

மாலை அம்மா கால் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அந்த எறாலுக்கு எதுக்குடி இன்னொரு பொட்டி? ஜெனரேட்டர்தான் இருக்குதே."

"அத யாராச்சும் போயி போடணும்மா. இந்தப் பொட்டி தானா எடுத்துக்கும். ப்ளோயர் நிக்கவே நிக்காது."

"நின்னா?"

"தண்ணிக்குள்ள காத்து போவாது. குஞ்சுங்க மூச்சு முட்டி செத்துடும்."

"அப்போ ஒன் வேலய பொட்டி பாத்துக்கும். நீ என்னாத்தப் பாப்ப?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மேகமில்லை. கரண்ட்: 11.20 முதல் 11.50 வரை.

பாய் காலையிலிருந்து போனும் கையுமாக. கூனிமேட்டிலிருந்து வரும் வழியெல்லாம் யூபிஎஸ் பற்றித்தான் பேசியிருப்பார் போல, குரல் கம்மியிருந்தது. குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் அவர் சினேகிதர் ஒன்றரை கேவிஏ சக்தியுள்ள பெட்டி போதும் என்றாராம். மூன்று வருடமாக ஒரு தொந்தரவும் இல்லையாம்.

வள்ளி அக்கா (தீனி, தொட்டி கழுவுவது எல்லாம் அவள்தான்) விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "அங்க கம்ப்யூட்டரு, வெள்ளக்காரங்க லேப்டாப்பு. இங்க மோட்டாரு. ரெண்டும் ஒண்ணா பாய்?"

"கரண்டு கரண்டுதானம்மா."

"அப்பிடிப் பாத்தா தண்ணியும் தண்ணிதான். கெணத்துத் தண்ணிய குஞ்சுக்கு ஊத்தலாமா?"

பாய் சிரித்துவிட்டார். அப்புறம் முகம் மாறியது. மூன்றாம் தொட்டி விளிம்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் மாதிரி இன்னொரு தொட்டி போச்சுன்னா என்னால தாங்க முடியாது வள்ளி. பூட்டிட்டு பஜார்ல கட போட்டுடுவேன்."

நான் பீக்கரைக் கழுவிக்கொண்டே இருந்தேன். சுத்தமான பீக்கர்தான்.

ஏப்ரல் 23, புதன்

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

போன மாதம். மதியம். பாய் வெளியே. வள்ளி அக்கா சாப்பிடப் போயிருந்தாள். நான் மட்டும்.

கரண்ட் போனது. ப்ளோயர் நின்றது.

ஷெட்டுக்குள் எப்போதும் ஒரே இரைச்சல். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரத்தில் அது காதுக்குப் பழகி, இரைச்சல் இருப்பதே மறந்துபோகும். அன்று அது நின்றதும் உடம்பை யாரோ கீழே இறக்கி வைத்தது போல் இருந்தது. நாலாம் தொட்டியில் கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்தது. தண்ணீர் கண்ணாடி ஆயிற்று. அதில் கூரை தெரிந்தது, ஓட்டைக்குள் வரும் வெயில் தெரிந்தது, என் முகமும். அப்போதுதான் கடல் கேட்டது. ஷெட்டுக்குள் கடல் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஒவ்வொரு அலையாக.

நின்றுவிட்டேன்.

எவ்வளவு நேரம்? தெரியவில்லை. கோயிலில் பாடும் ஒரு பாட்டு நேரம். இரண்டு பாட்டாகவும் இருக்கலாம். பிறகு நினைவு வந்து ஓடி ஜெனரேட்டர் பட்டனை அமுக்கினால், டிக் டிக். பேட்டரி செத்திருந்தது. பாய் வந்து, தன் வண்டி பேட்டரியைக் கழற்றி மாட்டுவதற்குள் நாலாம் தொட்டி போய்விட்டது. அடியில் வெள்ளையாக, துணி விரித்தது போல்.

எல்லாரும் பேட்டரியைத் திட்டினார்கள். நான் ரிஜிஸ்தரில் கரண்ட் போன நேரமாக எழுதியது நான் பட்டன் அமுக்கிய நேரம்.

பள்ளியிலும் இப்படித்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது தெரியாது, எழுந்தால் வாயில் ஒன்றும் வராது. கொரோனாவில் மூடினார்கள். திறந்தபோது நான் போகவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கரண்ட்: இன்று போகவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

யூபிஎஸ்காரர் வந்தார். புதுச்சேரி. பெயர் சேகர். வெள்ளைச் சட்டை, உப்புக் காற்றில் அரை மணியில் கசங்கிவிட்டது. பாவம்.

அவர் கேட்டவை:
மோட்டார் எத்தனை
தகட்டில் என்ன போட்டிருக்கிறது
கரண்ட் எவ்வளவு நேரம் போகும் (ரிஜிஸ்தர் நான் கொடுத்தேன்)
பெட்டி எங்கே வைப்பது
டீ கிடைக்குமா

பெட்டியைக் கடல் பக்கச் சுவரில் வைக்கக் கூடாது, அதன் விசிறி உப்பை உள்ளே இழுத்துத் தகடெல்லாம் பச்சை பூத்துவிடும் என்றார். அது சரியான பேச்சு. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

ப்ளோயர் தகட்டைத் துடைத்துப் படித்தார். "ஒரு எச்பி. ரெண்டு வெச்சிருக்கீங்க, ஆனா ஓடுறது ஒண்ணுதான். அப்போ ஒன்றரை கேவிஏ போதும் பாய். அதுவே தாராளம்."

"குயிலாப்பாளையத்துலயும் அதான் சொன்னாங்க" என்றார் பாய். நிம்மதி முகத்திலேயே தெரிந்தது. பெரியது என்றால் விலை இரண்டு மடங்காம்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. ப்ளோயர் மாற்றும் நேரம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், இல்லையென்றால் சூடாகிவிடும். பகல் பன்னிரண்டும் மாலை ஆறும் என் பொறுப்பு. முதலில் இரண்டாவதைப் போட வேண்டும், அது பிடித்த பிறகுதான் முதலாவதை அணைக்கலாம். நடுவில் காற்று அறுந்துபோகக் கூடாது.

இரண்டாவதைப் போட்டேன். வழக்கம்போல டியூப்லைட் தலை குனிந்தது. ஒரு மூச்சு நேரம் மங்கி, பிறகு நிமிர்ந்தது. நான் தினமும் அதைப் பார்ப்பேன். எங்கள் மாதா கோயில் பூசையில் நற்கருணை அப்பத்தைத் தூக்கும்போது எல்லாரும் தலை குனிவார்களே, அது போல. அழகு.

இன்று பார்த்தபோது அந்தப் பெட்டியின் ஞாபகம் வந்தது.

மோட்டார் கிளம்பும்போது எங்கிருந்தோ நிறையக் கரண்டைப் பிடுங்கிக்கொள்கிறது. அதனால்தான் விளக்கு குனிகிறது. ஊர்க் கரண்டுக்கே அப்படி என்றால் பெட்டி? கரண்ட் இல்லாத நேரத்தில் பன்னிரண்டு அடித்து நான் ப்ளோயர் மாற்றினால்? தகட்டில் ஓடும் மோட்டாரின் கணக்குதான் இருக்கிறது. கிளம்பும் மோட்டாரைப் பற்றி ஒன்றும் இல்லை.

சேகர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாய் பக்கத்தில். நாலடி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

காற்றே இல்லை, சுடும் வெயில். உப்புக்கு நல்லது, உடம்புக்குக் கேடு. கரண்ட்: 9.10 முதல் 9.35 வரை.

நேற்று படுத்ததும் ஒரு கனவு. உப்புப் பாத்திகள் எல்லாவற்றிலும் குமிழி. அம்மா அதற்குள் நின்று பலகையால் வெளிச்சத்தை வாரி வாரி ஒதுக்கினாள்.

மூன்றாம் தொட்டியிடம் ஒத்திகை பார்த்தேன். "பாய், ப்ளோயர் மாத்தும்போது லைட்டு மங்குது. சின்னப் பொட்டி தாங்காது." நாலு தடவை. நன்றாக வந்தது.

பாய் தொழுகைக்குக் கிளம்பி, தொப்பியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன்.

"என்னம்மா?"

"பாய்..."

"சொல்லு."

"தீனி தீந்துடுச்சு."

"நேத்துதான வந்துது?"

"ஆமா."

என்னைப் பார்த்தார், போய்விட்டார். வள்ளி அக்கா மூட்டை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, ஒனக்கு வாய்ல பல்லு மட்டும்தான் வெச்சிருக்குதா?"

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் 'உனக்கு எப்படித் தெரியும்' என்பார்கள். 'எந்நேரமும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாயா' என்பார்கள். அங்கிருந்து நாலாம் தொட்டிக்கு ஒரு எட்டுதான்.

நாளை பதினோரு மணிக்குப் பெட்டி வருகிறது. ஓட்டிக் காட்டிவிட்டு, பிடித்திருந்தால் அப்படியே மாட்டிவிட்டுப் போவாராம்.

மூன்றாம் தொட்டிக்குப் பதினைந்தாம் நாள். கண்கள் பெரிதாகிவிட்டன.

ஏப்ரல் 26, சனி

வரிசையாக எழுத வேண்டும்.

11.15: சேகர் வந்தார். பெட்டி சின்னது, சாம்பல் நிறம், பச்சை விளக்கு. உள்பக்கச் சுவர் ஓரம் வைத்து, இரண்டு ப்ளோயர் சுவிட்சும் அதன் வழியாக வரும்படி ஒயர் கொடுத்தார்.

11.40: மெயினை இறக்கினார். டியூப்லைட் அணைந்தது. ப்ளோயர் நிற்கவில்லை! இரைச்சல் துளி மாறவில்லை. குமிழிகள் அப்படியே.

"பாத்தீங்களா பாய்? அதுக்கே தெரியல கரண்டு போனது."

பாய் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வள்ளி அக்கா கை தட்டினாள். "அவசரமில்ல, இன்னும் கொஞ்ச நேரம் பேட்டரியிலயே ஓடட்டும், பாருங்க" என்றார் சேகர். மெயின் கீழேயே இருந்தது.

"இன்ஷா அல்லா, இதயே வெச்சுடலாம்" என்றார் பாய்.

12.00: மாற்றும் நேரம். யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு மட்டும்தான். நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை என்று அப்போதுதான் தோன்றியது. என் வேலையைச் செய்தால் போதும்.

சுவிட்ச் பக்கம் போனேன். இரண்டாவதைப் போட்டேன்.

பெட்டி பிள்ளை வீரிட்டது போல் கத்தியது. சிவப்பு விளக்கு. பிறகு எல்லாம் நின்றது.

அதே அமைதி. அதே கண்ணாடித் தண்ணீர், மூன்றாம் தொட்டியில். அதே கடல், தோப்புக்கு அப்பால்.

நிற்கவில்லை. ஓடினேன். மெயினை மேலே தள்ளினேன், பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் பழைய இடத்தில் சொருகினேன். சேகர் வாயைத் திறந்தபடி நின்றார். இரண்டு ப்ளோயரும் ஒன்றாகக் கிளம்பின. டியூப்லைட் எரியலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி எரிந்தது. எல்லாரும் அண்ணாந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது போல.

"ஏய், என்னா பண்ண நீ!" வள்ளி அக்கா.

"பன்னெண்டு ஆச்சுக்கா" என்றேன்.

சேகருக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு மோட்டார ஒண்ணா போட்டா எந்தப் பொட்டிதாங்க தாங்கும்?"

"நாங்க தெனமும் அப்பிடித்தான் போடுறோம்" என்றார் பாய், மெதுவாக. அவருக்கே அப்போதுதான் உறைத்தது போல. என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"ப்ளோயர் கெளம்பும்போது லைட்டு தல குனியும் பாய். தெனமும்."

"நான் பாத்ததே இல்லியே."

"நாமல்லாம் தொட்டியப் பாப்போம் பாய். இது மேல பாத்துக்கிட்டு நிக்கும்" என்றாள் வள்ளி அக்கா.

பாய் இன்னொரு தடவை மாற்றிக் காட்டச் சொன்னார். மாற்றினேன். நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம். குனிந்தது. நிமிர்ந்தது. சேகர் பையிலிருந்து பேனாவை எடுத்து, தகட்டுக் கணக்கை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "அஞ்சு கேவிஏ. என் தப்புதான் பாய். மாத்துறத நான் கேட்டிருக்கணும்." நல்ல மனிதர்.

அவர் போன பிறகு பாய் சொன்னார்: "அல்லா காப்பாத்தினான். எவ்வளவு வேகமா ஓடின!"

அந்தப் பாராட்டுத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நாலாம் தொட்டி. நான் நின்றது. ரிஜிஸ்தர். எல்லாம். வாய் தானாகப் பேசியது, காலைப் பார்த்துக்கொண்டே.

"எவ்வளவு நேரம் நின்ன?"

"தெரில பாய். ஒரு பாட்டு நேரம். ரெண்டு பாட்டு."

"எதுக்கு?"

"கடல் கேட்டுது."

பாய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசை. தலை குனியும் நேரத்தில் நான் குனிய மறந்துவிட்டேன். அம்மா கிள்ளினாள்.

நாளைக்குப் போகலாமா? வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். உப்பு வாரும் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "போ. அவுங்க சொல்றவரைக்கும் போ."

ஏப்ரல் 28, திங்கள்

போனேன். பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்ட்: 2.15 முதல் 2.40 வரை. ஜெனரேட்டர் போட்டேன். ரிஜிஸ்தரில் சரியான நேரம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. வள்ளி அக்கா பாதி முறுக்கு கொடுத்தாள். மூன்றாம் தொட்டி நன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை குஞ்சு வாங்க ஆள் வருகிறார்களாம்.

ஏப்ரல் 30, புதன்

லேசான மேகம். பெரிய பெட்டி வந்தது. நாலு பேட்டரி. சேகரும் நானும் வள்ளி அக்காவும் தூக்கி உள்பக்கச் சுவரில் வைத்தோம். ஒயர் மாற்ற இரண்டு நிமிடம் ப்ளோயரை நிறுத்த வேண்டும் என்றார் சேகர். இரண்டு நிமிடத்தில் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகாது.

பாய் கையில் கடிகாரத்தோடு மூன்றாம் தொட்டி பக்கத்தில் நின்றார்.

"ஸ்டெல்லா. இங்க வா."

போனேன்.

"நிறுத்துங்க."

இரைச்சல் நின்றது. கடைசிக் குமிழி வந்து உடைந்தது. தண்ணீரில் கூரை தெரிந்தது, பாய் முகம் தெரிந்தது, கொஞ்சம் தள்ளி என் முகமும். பாய் தலையைச் சாய்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு அலை. பிறகு ஒன்று.

"பன்னெண்டு வருசமா இங்க இருக்கேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

சேகர் கையைத் தூக்கினார், முடிந்தது என்று. பாய் இன்னும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்" என்றேன், சத்தமாக. "நேரமாச்சு."

திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"போடும்மா."

போட்டேன்.