நோயில்லாதவர் பட்டியலில் என் ரத்தம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன்னை ஒரு சோதனைக்குப் போகச் சொல்ல வேண்டும். போனில் என்றால் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாம் வகுப்புக்கு இவ்வளவுதான் வரும்.

அம்மா சுகம். நம் வாசல் கேட்டின் கீல் இன்னும் தொங்குகிறது. ஊர் கேட்டையெல்லாம் வெல்டிங் வைக்கிறவர் வீட்டு லட்சணம் என்று வருகிறவர்களிடம் காட்டுகிறாள்.

பட்டறையில் லேத் ஓட்டுகிறவருக்கு மூச்சிரைப்பு அல்லவா, பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்குச் சேர்த்திருந்தார்கள். துணைக்குப் போனேன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும் என்றார்கள். பீடி தொடாதவன் என்ற திமிரில் கையை நீட்டினேன். ஒரு குழாயில் ஊதவும் வைத்தார்கள்.

போன வாரம் கூப்பிட்டார்கள். இரும்பில் துரு ஏறுவதுபோல உடம்புக்குள்ளும் ஓர் அரிப்பு நடக்குமாம். அது விட்டுப்போகிற பொருள் என் ரத்தத்தில் கூடியிருக்கிறதாம், தடுக்கிற பொருள் குறைந்திருக்கிறதாம். ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம், ஆனால் ஊதியதிலும் குறை தெரிகிறது, நுரையீரல் நோயின் ஆரம்பம் என்றார் டாக்டரம்மா. முப்பது வருஷத்து வெல்டிங் புகை. நோயில்லாதவர் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் இப்போதுதான் ஃபெயில். லேத்துக்காரர், "வாய்யா, நம்ம கட்சிக்கே வந்துட்டியா" என்று பெஞ்சில் இடம் விட்டார்.

பயமும் இல்லை, அழுகையும் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். உப்பே போடவில்லை என்று அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நீயும் அங்கே அதே புகையில்தான் நிற்கிறாய். இங்கே என்னோடு வேலைக்கு வந்த புதிதில், நீ மூக்கை மூடும் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றாய். பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னடா, மூக்குக்குக் கோவணமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாள் நீ அதைப் போடவில்லை.

அந்த ஊதும் சோதனை உன் ஊரிலும் இருக்கும். ஒரு நாள் லீவு போட்டுப் போ. என்ன வந்தாலும் எனக்கு எழுது, மறைக்காதே. நாளையிலிருந்து மாஸ்க் போடு. யார் சிரித்தாலும் கழற்றாதே; சிரிக்கிறவன் உன் அப்பனாக இருந்தாலும்.

நீ நெடுநாள் நல்ல மூச்சோடு இருக்க வேண்டும்.

உன் அப்பா