மீதி வராத எண்

என் கணக்கு டீச்சர் பெண்டாட்டிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா நடக்கிறாளா?

இங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது. சட்டையில் குத்தியிருக்கும் 510510தான் நான். இரண்டிலிருந்து பதினேழு வரை எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதி வரவில்லை. சூப்பர்வைசரும் என்னை அப்படித்தான் கூறுபோட்டு எல்லா ஷிப்டுக்கும் கொடுக்கிறான். லீவு கேட்டால், "அங்க என்ன குடியா முழுகிப்போச்சு?" என்கிறான்.

பக்கத்துக் கட்டில்காரன் 510511. அதே எண்களால் வகுத்தால் எப்போதும் ஒன்று மிஞ்சும். நேற்று மூன்றாவது ஷிப்டுக்கு முடியாது என்றான். இன்று அவன் கட்டில் காலி. பயப்படாதே, நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அடிக்கடி கார்டு போடு. தபால் வந்தால் மட்டும் வாட்ச்மேன் வாசலில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவான். விலாசத்தில் என் எண்ணைப் போட்டுவிடாதே.

மணி அடித்துவிட்டது.