ஐம்பது அருஞ்சொல்லும் ஒரு சாபமும்

ஏற்காடு,
7 ஜூலை 2025

துரோகத் திலகம், முன்னாள் நண்பன் சத்யராஜுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சின் ஆடும் கால் இன்று தமிழ்ப் பாடவேளையில் காலமானது. மேலே அமர்ந்திருந்த ஜோஸ்வா சிராய்ப்போடு தப்பினார். அந்த பெஞ்சில் பாதியைக் காலி செய்துவிட்டு நாமக்கல் ஹாஸ்டலுக்கு ஓடிய உனக்கு இதைத் தெரிவிப்பது என் கடமை. கடமை முடிந்தது. இனி பகை.

தமிழ் ஐயாவின் குடைக்குள் காப்பித் தோலைக் கொட்டி மடக்கி வைத்தது நான்தான் என்று, போகிற போக்கில் அவர் காதில் ஓதிவிட்டுப் போனாயே, அதற்கு என்ன தண்டனை தெரியுமா? ஆண்டு விழாவுக்கு ஒரு பழைய துன்பியல் நாடகம் போடுகிறார். அதில் வருகிற அருஞ்சொல் ஐம்பதையும் பொருளோடு நான் ஒப்பிக்கணும். பழிவாங்கும் தளபதி வேஷமும் எனக்கே.

அட மடையா, தண்டனை என்று நினைத்து என் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டார்! ஐம்பதும் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். செற்றம், வஞ்சினம் என்று பல் தேய்க்கும்போதே உன் மூஞ்சியை நினைத்துத் துப்புகிறேன். இருப்பதிலேயே கடுமையானதை உனக்கென்று ஒதுக்கினேன். பிடி:

நின் கேளிர் யாவரும் பொன்றுக! நின் மனைவயின் கூற்றம் புகுக!

எஸ்டேட் தண்ணித் தொட்டி உச்சியில் ஏறி நின்று, உன் பேரைச் சொல்லி, மலை முனை லேடீஸ் சீட் வரைக்கும் கேட்கிற மாதிரி மூன்று தடவை கத்தினேன். நாடகத்தில் பலித்தது. உனக்கும் பலிக்கும்.

உன் பரம வைரி,
ஜோஸ்வா

பி.கு.: அங்கே சாம்பார் கேவலமாமே. மகிழ்ச்சி.


நாமக்கல்,
14 ஜூலை 2025

ஜோஸ்வா,

கடிதம் கிடைத்தது. வார்டன் பிரித்துப் படித்துவிட்டு, "யாருடா இந்தப் புலவர்?" என்று கேட்டுத்தான் கொடுத்தார்.

குடை விஷயத்தில் ஸ்கூல் வாட்ச்மேன் கருப்பண்ணன் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அவரை ஆபீஸில் நிற்க வைத்து வேலையை விட்டே போகச் சொன்னார்கள். அன்றைக்கு நீ லீவு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

உன் சாபத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு அகராதியை எடுத்துப் பார்த்தேன். கேளிர் என்றால் உறவினர். பொன்றுதல் என்றால் செத்துப்போதல். மனைவயின் கூற்றம் என்றால் வீட்டுக்குள் எமன். எனக்கு உறவு என்று இருப்பது அம்மா ஒருத்திதான். நீ எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்தால் "வா சாமி" என்று எனக்கு முன்னால் உனக்குத் தட்டு வைக்கிற அம்மா.

நேற்று ஞாயிறு, இங்கே போன் பேச விடுகிற நாள். அடித்துக்கொண்டே இருந்தேன். அம்மா எடுக்கவே இல்லை. இனி அடுத்த ஞாயிறுதான்.

பொருள் தெரிந்துதான் கத்தினாயா? அதை மட்டும் எழுது. தெரிந்துதான் என்றால் எழுதவே வேண்டாம்.

சத்யராஜ்


ஏற்காடு,
17 ஜூலை 2025

சத்யா,

உங்கம்மா நல்லா இருக்காங்க. முதலில் அதை ரெண்டு தடவை படி.

மதியம் உன் கடிதம் வந்ததும் மழையில் லைனுக்கு ஓடினேன். உங்க ஊடு பூட்டியிருந்தது. பக்கத்து ஊட்டு ஆராயி அக்கா, "ஆஸ்பத்திரிப் பக்கமாத்தான் போனா, என்னன்னு கேக்கல கண்ணு" என்றது. ஓடினேன். ஒண்டிக்கடை முக்கில் கையில் கவரோடு உங்கம்மாவே எதிரில் வர்றாங்க. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து போன் கடைக்குப் போயிருக்காங்க.

"ஏஞ் சாமி இப்பிடி நனையற? களை எடுக்கறப்ப போனு ஓடையில உழுந்துருச்சு. பையன் கூப்புட்டிருப்பானே, நொம்ப தவிச்சிருப்பானேன்னு எனக்குச் சோறே எறங்கல."

நான் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்திருக்கும். மழைத் தண்ணி என்று கண்ணைத் துடைத்தேன். அவங்க முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டாங்க. அந்தச் சாபத்தை வைத்திருந்த தலைடா அது.

கருப்பண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதும் கேட்டைச் சாத்திவிட்டார். நாளைக்கும் போவேன்.

போனை ரிப்பேர் பார்க்கக் கடையில் கொடுத்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கப்பா நம்பருக்கு அடி. எஸ்டேட் ரைட்டரான அவர் போனை அன்றைக்கு முழுக்க உங்கம்மா மடியில் வைக்கிறேன். இதை ஸ்பீட் போஸ்ட்டில்தான் போடுகிறேன்.

இப்போது உன் கேள்வி. பொருள் தெரியாதுடா. சத்தம் பயங்கரமாக இருந்தது, அதனால் எடுத்தேன். தொட்டி உச்சிக்கும் ஏறவில்லை. ஏணியில் ரெண்டு படி ஏறியதும் தலை சுற்றி இறங்கிவிட்டேன். தரையில் நின்றுதான் கத்தினேன், அதுவும் ஒரே தடவை, தொண்டை கட்டிவிட்டது. தளபதி வேஷத்தையும் நேற்று ஐயா நம்ம கிளாஸ் மேகலாவுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு ஈட்டி பிடித்து நிற்கிற காவலாள் வேஷம், வசனமே கிடையாது.

ஐம்பதும் தலைகீழ்ப் பாடம் என்றது அண்டப்புளுகு. ஐயா கேட்டபோது ஏழோடு முழித்து நின்றுவிட்டேன்.

எட்டாவது சொல் கேளிர்.

வைரி வேலையை ராஜினாமா செய்துவிட்ட
ஜோஸ்வா