பிரதி எடுத்தவன் பெயர்

ஜூலை 6, ஞாயிறு
மடிக்கணினி செத்துப்போச்சு. ஆனாலும் ஒரு வரிகூடப் போகவில்லை. எங்கள் செயலியின் கோடெல்லாம், எழுதிய நிரல் முழுக்க, ஓர் இணையத்தளத்தில் இருக்கிறது. வேறு கணினியில் இறக்கிவிட்டேன். நான் மூதூரில், ரிஷிகேசன் திருகோணமலையில். ஒரே செயலியை இரண்டு பேரும் சண்டையில்லாமல் எழுதுவது அந்தத் தளத்தின் புண்ணியம். யாரும் பார்க்கலாம் என்று திறந்தே வைத்திருக்கிறோம். வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களைக் கடலில் வைத்தே முறைப்பாடு செய்கிற செயலி. ஒளிக்க என்ன இருக்கு?

ஜூலை 8, செவ்வாய்
தம்பி நிப்றாஸை இறங்குதுறையில் போட்டு அடித்துவிட்டார்கள், வெடிக்காரர்கள். துடுப்பால் அடித்து வலது கையை முறித்திருக்கிறார்கள். அவன் செயலியில் அனுப்பிய முறைப்பாட்டை வாசித்து வாசித்து அடித்தார்களாம். எப்படிக் கிடைத்தது?

ஜூலை 9, புதன்
ரிஷிகேசன்! செயலியைச் சோதித்துப் பார்க்கப் பொய்ப் பெயர் போடாமல், நிப்றாஸின் முறைப்பாட்டையே கோடோடு ஏற்றியிருக்கிறான். பெயர், தொலைபேசி, படகு நம்பர், எல்லாம். போய்க் கன்னத்தில் அறைந்தேன். “அழிச்சிட்டன் ஸல்ஹா, இப்ப இல்லை” என்றான். அழிச்சானாம்! பழைய பதிவைத் திறந்தால் அப்படியே கிடக்கு. அந்தத் தளம் எதையும் மறக்காது.

ஜூலை 10, வியாழன்
தளத்தில் எங்கள் பக்கத்தைப் பூட்டினோம். பிரயோசனமில்லை. ஒருத்தன் முன்பே பிரதி எடுத்திருக்கிறான். அது அவன் கணக்கில் திறந்தே கிடக்கிறது. பெயரும் இருக்கிறது: ஸஜ்ஜாத். கிண்ணியாவில் போன் திருத்துகிறவன். இவன்தான் வெடிக்காரர்களுக்குக் கொடுத்திருக்கவேணும். அவனைக் கொல்லவேணும் போல இருக்கு.

ஜூலை 11, வெள்ளி
தம்பியின் படகையும் எரித்துவிட்டார்கள்.
“ராத்தா, என்ட நம்பரக் குடுத்தவன் ஆரு?” என்று கேட்டான்.
சொன்னேன். மீன் வெட்டுகிற கத்தியை இடது கையில் எடுத்தான். நான் மறிக்கவில்லை. வெட்டட்டும் என்றுதான் இருந்தேன்.

ஜூலை 12, சனி
ஸஜ்ஜாதின் இரண்டு விரல்கள் துண்டாகிவிட்டன. நிப்றாஸ் பொலிஸில். “நான்தானே எழுதி அனுப்பின, நீங்க பாக்கல்லயா?” என்று ஸஜ்ஜாத் கத்திக்கொண்டே விழுந்தானாம். என்னத்தை அனுப்பினான்?

ஜூலை 13, ஞாயிறு
பார்த்தேன். வெளியாள் எங்கள் கோடுக்குத் திருத்தம் அனுப்புவதென்றால் முதலில் பிரதி எடுத்தே ஆகவேண்டும். எனக்குத் தெரியாததா! கோபத்தில் பிரதி எடுத்தவர் பக்கத்தை மட்டும் பார்த்தேன். திருத்தங்களின் பக்கத்தைத் திறக்கவேயில்லை. ஜூனிலிருந்து கிடக்கிறது அவனுடைய திருத்தம். கூடவே குறிப்பு: ‘இது உண்மையான ஆள்ற நம்பர் போல. வெடிக்காரனுகள் கண்டா அடிப்பானுகள். அழிச்சு அனுப்பியிருக்கன், கெதியாப் பாருங்க.’
நாங்கள் ஒருத்தரும் பார்க்கவில்லை. வாசித்துவிட்டு வந்து அடித்தவன் பெயரைத் தளம் காட்டாது. உதவ வந்தவன் பெயரைத்தான் காட்டியது. அந்தப் பெயரைத்தான் நான் தம்பிக்குக் கொடுத்தேன். அல்லாஹ்.

ஜூலை 14, திங்கள்
சாப்பிட ஏலாது.

ஜூலை 22, செவ்வாய்
ரிஷிகேசன் முன்பே அழித்துவிட்டான்தான், ஆனாலும் ஸஜ்ஜாதின் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். இனி எங்கள் செயலியை எழுதியவர்களில் அவன் பெயரும் இருக்கும்.
பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய உம்மா கதிரையை இழுத்துப் போட்டார்.
“மகனோட சேந்து வேல செய்யிற ஆளா நீங்க?”
ஓம் என்றேன்.