எளிதில் காணலாம்

மார்ச் 3

அன்புள்ள புரொபசருக்கு,

நலம். கழுத்துவலி உன்னைவிட ஒழுங்காக வந்துபோகிறது.

என் இயக்க அமைப்புகள் கணித வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள். புரிந்தாலும் புரியாவிட்டாலும் ஒரே மாதிரி தலையாட்டுவார்கள். ஒருவன் மட்டும் ஆட்டமாட்டான். மொழி புதிது என்பதால் ஒரு சொல்லையும் தாண்டாமல் படிப்பான், பட்டப்பெயர் ‘நிதானம்’. நேற்று நாம் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து நம் தேற்றத்தை நடத்தினேன்.

“மேடம், நாலாம் பக்கத்துல ‘எளிதில் காணலாம்’னு போட்டிருக்கே, எனக்கு மட்டும்தான் தெரியலையா?”

நாம் நிரூபிக்காமல் விட்ட அந்தப் படியைப் பலகையில் போட்டுக் காட்டப் போனேன். வரவில்லை. மணி அடித்துக் காப்பாற்றியது. அது உன் வரி. என்ன கண்டாய்? உடனே எழுது.

உன் மனைவியும் இணை ஆசிரியருமான
நான்

மார்ச் 9

அன்புள்ள டீச்சருக்கு,

அது உன் வரி என்றல்லவா இத்தனை வருடம் நம்பியிருந்தேன்! நீ பார்த்திருப்பாய் என்றுதான் தாண்டினேன்.

இருபதாம் தேதி துறைத்தலைவர் பதவிக்கு நேர்காணல். குழு முன் நான் வைக்கப்போவது அந்த ஒரு தேற்றத்தைத்தான். அதுவரை நிதானத்துக்கு வேறு கணக்குக் கொடு. அவன் ஆய்வேட்டுக்கு வெளித்தேர்வாளன் நான்தான், நினைவிருக்கட்டும்.

கழுத்துக்கு ஒத்தடம் கொடு.

அன்புடன்,
உன்னவன்

மார்ச் 14

புரொபசருக்கு,

நிதானம் நம் தேற்றத்தைப் பொய்யாக்கும் ஓர் எதிர்உதாரணத்தோடு வந்தான். நம் தேற்றப்படி வட்டத்துக்குள் காலமெல்லாம் சுற்றவேண்டிய புள்ளி, வெகுநேரம் சமர்த்தாகச் சுற்றிவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய்விடுகிறது. நானே சரிபார்த்தேன். இம்முறை யாரையும் நம்பவில்லை.

பிறகு நீ அவனுக்கு எழுதியதைக் காட்டினான். மொழி போதாமல் தவறாகப் படித்துவிட்டானாம். கேள்வியை வாபஸ் வாங்கினால் ஆய்வேட்டுக்கு நல்லதாம்.

“நான்தான் தப்புன்னு சொல்லிடறேன் மேடம். பட்டம் இல்லாம வீட்டுக்குப் போக முடியாது.”

அவன் பின்வாங்கத் தயார். எதிர்உதாரணம் தயாரில்லை.

கட்டுரை வந்த ஆய்விதழுக்கான திருத்தக் குறிப்பை இணைத்திருக்கிறேன். பதினெட்டுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லையென்றால் என் பெயரில் மட்டும் போகும். அதன்பின் நாம் எதையும் சேர்ந்து எழுதப்போவதில்லை, இந்தக் கடிதங்கள் உட்பட.

நான்

மார்ச் 17

டீச்சருக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேர்காணல் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மிக மரியாதையாக, வரவேண்டாம் என்றார்கள். தேர்வாளர் பொறுப்பையும் விட்டுவிட்டேன். பையனிடம் தனியே மன்னிப்புக் கேட்டு எழுதினேன், சின்னச் சின்ன வாக்கியங்களாக. அவன்தான் ஒன்றையும் தாண்டமாட்டானே.

‘எனக்கு மட்டும்தான் தெரியலையா?’ என்ற அவன் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை என்று சொல்.

நீ பார்த்துக்கொள்வாய் என்று நான் தாண்டியது அந்த வரியை மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை அங்கே வரலாமா?

உன்னவன் (என்று இன்னும் போடலாமென்றால்)

மார்ச் 21

புரொபசருக்கு,

சொல்லிவிட்டேன். முதல்முறையாகத் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் இன்னும் ஆட்டவில்லை. கழுத்துவலி.

நான்