குளிசை நிறுத்திய ஒன்பது நாள்

மாங்குளம்
18.08.1964

அன்புள்ள அருந்ததிக்கு,

நலம் என்று எழுத இம்முறை என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அப்பாவின் காலிலிருந்த தகட்டைக் கழற்றி மூன்று மாதமாகிறது. அவர் உடுக்கிற சாரத்தில் சீழின் ஒரு துளி ஈரமும் நான் காணவில்லை. நேற்றுச் சிறுபோக நெல் வெட்டுப் பார்க்க வாய்க்கால் வரம்பால் தடியில்லாமல் நடந்து போனார். நான் பின்னால் போனேன். அவருக்குத் தெரியாது.

சென்ற வருஷக் கதையை, நீ அறியாத பகுதியையும் சேர்த்து ஒருமுறை எழுதிவிடுகிறேன். உழவு யந்திரம் புரண்டு கால் முறிந்து, தகடு வைத்து வீட்டுக்கு வந்த பிறகு தையல் போட்ட இடம் கசியத் தொடங்கியதல்லவா? தன் தம்பியின் புண்ணை ஆறவிடாத கிரந்திச் சாப்பாடு என்று சொல்லி, அப்பாவின் அக்கா நாகேஸ்வரி மாமி கத்தரிக்காயையும் கணவாய் மீனையும் குசினிக்குள் வர விடவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் சிரித்தேன். சீழ் கண்டால் ஊர் மருந்துச்சாலை அப்போதிக்கரி சின்னராசாவிடம் பெனிசிலின் குளிசை வாங்கிக் கொடுப்பேன். நாலு நாளில் காயும். அப்பா ஊன்றுகோலோடு வயலுக்குப் போவார். திரும்பக் கசியும், திரும்பவும் குளிசை. மூன்று மாதம் அப்படிப் போனது. மாமியின் கிரந்திக்கும் என் குளிசைக்கும் என்ன வித்தியாசம் என்று நான் யோசிக்கவில்லை.

நீ லீவில் வந்து முதல் வேலையாகக் குளிசைகளை எடுத்துக்கொண்டாய். இரண்டு கிழமைக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது, மருந்து உடம்பில் இருந்தால் சோதனையில் கிருமி அகப்படாது, மேலே வடிவதைத் துடைத்துப் பார்த்தும் பயனில்லை, எலும்போரத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாய். காலையே எடுக்க வேண்டி வரலாம் என்பதையும் அப்பாவின் முன்னாலேயே சொன்னாய். டாக்டர் பட்டம் வாங்கி ஒரு வருஷமாகவில்லை, தகப்பனில் பரீட்சை செய்து பார்க்கிறாள் என்று மாமியிடம் குறைப்பட்டேன்.

நீ கொழும்புக்குப் போன பிறகு, குளிசை நிறுத்திய ஒன்பதாம் நாள், அப்பாவுக்குக் காய்ச்சல். நான் சின்னராசாவிடம் ஓடினேன். இதை உனக்கு எழுதவில்லை. அவர் என்னை உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "ரீச்சர், குளிசை தரமாட்டன். காய்ச்சல் எண்டால் நேர ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிப்போட்டுத்தான் மகள் போனவா. நீங்கள் வந்து கேட்பியள் எண்டும் சொன்னவா."

அன்றே கொண்டுபோனோம். எலும்போரத்தில் எடுத்த துண்டில் வளர்ந்த கிருமி பெனிசிலினுக்கு அடங்காதது என்பதும், மருந்தை மாற்றியதும், எலும்பு பொருந்தும்வரை தகட்டை விட்டுவைத்ததும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று. குளிசையை நிறுத்தியது யார் என்று சத்திரசிகிச்சை வைத்தியர் கேட்டார். நிறுத்தாதிருந்தால் இன்ன கிருமி என்று அறியாமலே கால் போயிருக்கும் என்றார். அப்பா வாயெடுக்க முன் நான் உன் முழுப்பெயரையும் சொன்னேன். அவர் கேட்காமலே எழுத்துக் கூட்டியும் சொன்னேன்.

மாமி இப்போது கத்தரிக்காய் சமைக்கிறா. கணவாய் இன்னும் இல்லை.

கடவுளைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை. இருந்தால் உன் கைக்குத் துணையிருக்கட்டும். புரட்டாதி லீவில் வருவாய்தானே? வைகாசி தொடக்கம் என் வலது தோளைத் தூக்க முடியவில்லை. கரும்பலகையின் மேல்வரிக்குக் கை எட்டுவதில்லை. எவரிடமும் காட்டவில்லை, ஒரு குளிசையும் எடுக்கவில்லை. நீ வந்து பார்.

அம்மா
விமலேஸ்வரி