காலருக்குள் நீல நூல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், இது பழக்கத்தில் எழுதும் வரி இல்லை, டாக்டரே பார்த்துச் சொன்னது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகம்தானே.

வேலையை விட்டுவிட்டு, வீட்டையும் காலி செய் என்று போனில் அழுதாய். பதில் பேசினால் நானும் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். எச்.ஐ.வி. எப்படி வந்தது என்று ஊரே கேட்கிறது, நீயும் அதையே கேட்டாய், அதுதான் எனக்கு வலித்தது. தினம் ஒரு மாத்திரை, தவறாமல் போடுகிறேன், அவ்வளவுதான் என் நோய். ஆனால் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் செய்ததைக் கேள். எங்கள் தையல் கம்பெனிக் கணக்கர் தன் ரிப்போர்ட்டை வாங்கப் போயிருக்கிறார், ஒரே கம்பெனிதானே என்று என்னுடையதையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள், உறையைக்கூட ஒட்டவில்லை. மத்தியானத்துக்குள் எல்லோர் வாயிலும் நான்தான். யாரிடம் சொல்வது என்பது என் இஷ்டம், அவர்கள் யார் சொல்வதற்கு என்று அந்த நிலையத்தின் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் நான் தைத்த சட்டைகளையெல்லாம் தனிக் கூடையில் போடச் சொன்னார் சூப்பர்வைசர். யார் தைத்தது என்று தெரிய நாங்கள் காலருக்குள் ஆளுக்கொரு நிறத்தில் ஒரு தையல் போடுவோமே, என்னுடையது நீலம். அந்த நீலத்தைத் தேடித் தேடிப் பொறுக்கினார்கள். எனக்கு வந்ததே கோபம். "சார், முதல்ல நீங்க போட்டிருக்கிற சட்டையோட காலரைத் திருப்பிப் பாருங்க" என்றேன். பட்டனுக்குக் காஜா எடுக்கும் அக்காதான் அவர் காலரைத் திருப்பிப் பார்த்து நீலம்தான் என்றாள். அவர் இரண்டு வருஷமாகப் போடும் எங்கள் கம்பெனிச் சட்டை. மனுஷனுக்குக் கழற்றவும் முடியவில்லை, போட்டிருக்கவும் முடியவில்லை. தொட்டாலும் தைத்தாலும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிய தாளை அன்றைக்கே முதலாளி மேஜையில் வைத்தேன். கூடை போய்விட்டது, என் மிஷின் அதே ஜன்னலோரம்தான். இரண்டு பேர் இன்னும் என் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்கிறார்கள், காற்று நன்றாக வருகிறது.

உன் மாமியாரிடம் எனக்குச் சர்க்கரை என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். போகட்டும், உன் பயம் எனக்குப் புரிகிறது. அடுத்த மாதம் அங்கே வரும்போது நானே உண்மையைச் சொல்கிறேன். குழந்தையைத் தூக்காதே என்று அங்கே யாராவது என்னிடம் சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று இப்போதே யோசித்து வை, நான் உன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

மூவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. பேத்திக்கு ஒரு கவுன் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், காலருக்குள் நீல நூல் இருக்கும். அதைப் பிரித்துவிட்டுத்தான் போடுவாய் என்றால் போடவே வேண்டாம்.

உன் அம்மா